உம்மாவின் குடியும் ராத்தாவின் விண்ணப்பமும்

என் மூத்த சகோதரி பஸ்மினா ராத்தாவுக்கு இருபத்தொன்பது வயது. வரலாற்றில் சிறப்புப் பட்டம் எடுத்தவர். நான்கு வருடம் வேலைக்குக் காத்திருந்து, இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அங்கே நான்கு பேருக்கு ஒரு மேசை. எதை அபிவிருத்தி செய்வது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

போன மாதம் முதுகலைமாணிப் படிப்புக்கு விண்ணப்பம் கோரினார்கள். ராத்தா படிவத்தை நிரப்பினார். ஆய்வுத் தலைப்பு எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, அலுமாரிக்குள் வைத்துவிட்டார். முடிவுத் திகதி வெள்ளிக்கிழமை.

"இன்னும் படிச்சா மாப்பிள்ளைக்கு எங்க போற?" என்பார் உம்மா.

"வரலாறு செத்தவங்கட கதைதானே மகள். கணக்கியல் எண்டாலும் பரவாயில்ல" என்பார் வாப்பா.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். என் பாடங்களிலும் வரலாறு உண்டு. "வீட்டுக்கு ஒண்டு போதாதா?" என்று எனக்கும் சேர்த்து ஏச்சு விழும். பொறியியல் படிக்கிறவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்தா, "விடு, நான் அனுப்பல்ல" என்று முடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிவாசலில் இருந்து ஒரு தாள் வந்தது. ஊரின் குடிப் பதிவைக் கணினியில் ஏற்றுகிறார்களாம். சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழியாக வரும்; உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் சகோதரங்கள் மாதிரி. அவர்களுக்குள் கலியாணம் பேசமாட்டார்கள். அந்தத் தாளில் ராத்தாவையும் என்னையும் வாப்பாவின் குடியில் போட்டிருந்தது.

ராத்தா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் அலுவலகத்துக்குப் போனார். எங்களை வாசலில் நின்றுதான் கதைக்க விட்டார்கள்.

"படிவத்தில தகப்பன்ட பேருக்கும் குடிக்கும்தான் இடமிரிக்கி தங்கச்சி. எல்லாருக்கும் அப்படித்தான் அடிச்ச" என்றார் செயலாளர் நளீம் காக்கா; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

"அப்ப முழு ஊருக்கும் பிழை, காக்கா."

"இந்தக் காலத்தில ஆரு குடி பார்க்கிற?"

"பார்க்காட்டி ஏன் பதியிறீங்க? பழைய பதிவுக் கொப்பியள் எங்க?"

"பாதிய கறையான் திண்டிட்டு. மிச்சத்த எரிக்கப் போறம். பொம்புளைப் புள்ளைகளுக்கு என்னத்துக்குப் பள்ளிவாசல் கொப்பி?"

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குடி வருவது பெண்களால். அந்தப் பெண்கள் பெயர் இருக்கும் கொப்பியைப் பெண்கள் பார்க்கக்கூடாது. ஆனால் ஆண்கள் எரிக்கலாம்!

உம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். கத்தி நின்றது.

"அப்ப என்ட ராத்தாட மகன் முஸ்தாக் பஸ்மினாவுக்கு வேற குடியா?"

"இந்தத் தாள்படி ஓம். மாப்பிள்ளை கூடப் பேசலாம்" என்றேன் நான்.

"ச்சீ! ஒரு கோப்பையில சோறு திண்டு வளர்ந்த புள்ளைகள்!"

உம்மா கையைக்கூடக் கழுவவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"தம்பி நளீம், உன்ட உம்மாட குடி என்ன? செல்லு."

அவர் சொன்னார்.

"இப்ப அந்தப் பெட்டியில உனக்கு என்ன போட்டிரிக்கி?"

நளீம் காக்கா கணினியைத் தட்டிப் பார்த்தார். அவருடைய முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. தன் குடியும் மாறிப்போனதை அவர் அப்போதுதான் பார்க்கிறார்.

"உன்னப் பெத்தவளையே அழிச்சிட்டாய். கொப்பிய எரிச்சா நான் இந்த வாசல விட்டு எழும்பமாட்டன்."

எரிக்கமாட்டோம் என்றார் நளீம் காக்கா. எங்களுக்குக் காட்டுவதா இல்லையா என்பதைப் பள்ளிவாசல் சபை கூடித்தான் தீர்மானிக்குமாம். அந்தச் சபையில் ஒரு பெண்ணும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ராத்தா அலுமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தார். வெறுமையாகக் கிடந்த இடத்தில், எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களின் தாய்வழிக் குடிகள் என்று எழுதினார். உம்மா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"மாப்பிள்ளை?" என்று ராத்தா கேட்டார்.

"வாறவன் வரட்டும். நீ முதல் அந்தக் கொப்பியப் பாரு."

புதன்கிழமை பதிவுத் தபாலில் விண்ணப்பம் போனது. தெரிவாவாரா, தெரியாது. சபை இன்னும் கூடவில்லை. பள்ளிவாசலில் இருந்து அந்தத் தாளைக் கேட்டு இரண்டு தரம் ஆள் வந்தது. திருத்திக்கொண்டு வந்தால் கையொப்பம் வைக்கிறேன் என்று உம்மா இரண்டு தரமும் திருப்பி அனுப்பிவிட்டார்.