சம்பளத்தோடு ஒரு வருஷம் சும்மா

காலேஜ் வாத்தியார் வேலையில் இருக்கும்போது அவன் வேலை செய்கிறான் என்று யாரும் நம்புவதில்லை. லீவில் இருந்தால் அவனுக்கு வேலை இருக்கிறது என்றே யாரும் நம்புவதில்லை. என்னைப்போல் புத்தகம் எழுதக் குடும்பத்தோடு ஊர் மாறி அவதிப்பட்ட சக வாத்தியார்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்திய வருஷம். பிரம்மதேசம் கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் புத்தகம் எழுத, பட்டணத்துக் காலேஜில் எனக்கு முழுச் சம்பளத்தோடு ஒரு வருஷம் லீவு கொடுத்தார்கள். பக்கத்து ஊரான திண்டிவனத்தில் வீடு பிடித்தேன். என் மனைவி கமலாவுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. எங்கள் மகள் சரோஜாவுக்குப் பேசிக்கொண்டிருந்த வரன் விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து கிட்டத்தில்தான் என்பதற்காகவே அவள் மூட்டை கட்டினாள். பையனை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து சரோஜா தலை வாருவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்பதுதான் எங்கள் இருவருக்கும் கவலை.

வீட்டுக்காரரின் இரக்கம்

வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். "சாருக்கு ஆபீஸ் எங்க?" என்று கேட்டார். ஆபீஸ் இல்லை, ஒரு வருஷம் லீவு, சம்பளம் வீடு தேடி வரும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கமலாவைப் பார்த்தார், இறக்கி வைத்த பாத்திரங்களைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஒரு படி மல்லாட்டையோடு வந்து, என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெக்கப்படாதீங்க சார். படிச்சவங்களுக்கும் கஷ்டம் வர்றதுதான். நம்ம மண்டியில மூட்டைக்கு நம்பர் போட ஆள் வேணும், நாளைக்கே வந்துடுங்க."

சுவரோடு பேச்சு

கல்வெட்டைப் படியெடுக்க ஈரக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, அதன்மேல் மையை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாக வரும், மற்ற இடம் கறுப்பாக வரும். வாத்தியார் முழுக்கக் கறுப்பாக வருவார். காகிதம் காய்கிற நேரத்தில் பக்கத்துக் கல்லில் உள்ள எழுத்துகளை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். புரியாத இடத்தில் சோழ ராஜாவைக் கொஞ்சம் திட்டுவதும் உண்டு.

கோயிலை ஒட்டிய கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், கஞ்சி குடிக்க நிழலுக்கு வந்தவள், என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுக்கு மனசு கேட்கவில்லை. "காலையில இருந்து செவுத்துகிட்டயே பேசிக்கினு கீறீங்களே சாமி, ஊட்ல பேச ஆள் இல்லியா?"

எதிர் வீட்டு அம்மாளின் உதவி

மை படிந்த கையும் வேட்டியுமாகத் தினமும் சாயங்காலம் நான் திரும்பி வருவதைப் பார்த்து, வேலை போன வாத்தியார் கரிக்கடைக்குக் கூலிக்குப் போகிறார் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளையின் மாமா எங்களைப் பற்றி விசாரிக்க வந்தார். பெண் வீட்டைப் பற்றிப் பெண் வீட்டிலா கேட்பார்கள்? எதிர் வீட்டில் கேட்பதுதானே முறை.

எதிர் வீட்டு அம்மாள் தங்கமானவள். அவள் மனசில் ஒரு துளி விஷம் கிடையாது, அதுதான் வினையாகப் போயிற்று. விசாரித்தவர் வண்டி ஏறியதும் ஓடி வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: "ஒங்க வேலை போனதப் பத்தி நான் வாயே தொறக்கலீங்க. காலேஜ்ல இல்லாட்டி இன்னா, குடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது, கரி சொமந்தாவது புள்ளைங்களுக்குச் சோறு போடுறாரு, அத்த மட்டுந்தான் சொன்னேன்!"

விழுப்புரத்தில் ஒரு சத்தியவான்

அதற்குப் பிறகு விழுப்புரத்திலிருந்து பேச்சுமூச்சு இல்லை. சரோஜா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குச் சோழர்கள்மீதே வெறுப்பு வந்தது. நானும் கமலாவும் ரயிலேறிப் போனோம்.

மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே குமாஸ்தா, நெற்றி நிறைய விபூதி, நறுக்குத் தெறித்தாற்போல் பேச்சு. வேலை போகவில்லை, சம்பளத்தோடு லீவுதான் என்று நான் விளக்கியதும் சொன்னார்: "வேலை போறது சகஜந்தாங்க. அதுக்காக நான் பொண்ண வேணான்னு சொல்ற ஆள் இல்ல. ஆனா ஊட்ல குந்திக்கினு இருக்கிறதுக்கு ஒரு வருஷம் சம்பளம் குடுக்குறாங்கன்னு கூசாம சொல்றீங்களே, அதான் மனசுக்கு ஒப்பல. எனக்கு ஒரு நாள் லீவுக்கு ஒம்போது கேள்வி கேக்குறான். பொய் பேசுற ஊட்ல எப்படிங்க சம்பந்தம் வெக்கிறது?"

எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. பிரின்சிபாலையே நேரில் அழைத்து வருகிறேன் என்று எழுந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் உள்ளே பெண்களோடு இருந்த கமலா வாசற்படிக்கு வந்து நின்றாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆமாங்க, வேலை போயிடுச்சு. மானத்துக்குப் பயந்துக்கினு இவரு அப்படிச் சொல்றாரு, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

மருமகள் வந்த ராசி

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உண்மையை ஒத்துக்கொண்ட குடும்பம் என்று அவருக்கு எங்கள்மேல் ஒரே மரியாதை. தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. சரோஜாவின் முகத்தைப் பார்த்தபோது, வேலையை நிஜமாகவே விட்டிருந்தாலும் தேவலை என்று தோன்றியது.

புத்தகம் முடிந்தது, லீவும் முடிந்தது. காலேஜ் திறந்த சமயத்தில் சம்பந்தி பட்டணம் வந்தவர், நான் வகுப்பிலிருந்து சாக்பீஸ் கையோடு வெளியே வருவதைப் பார்த்துத் திகைத்து நின்றார். பிறகு அங்கே நின்ற பியூன், பிரின்சிபால் எல்லோருக்கும் கேட்கும்படி கூவினார்: "பாத்தீங்களா, என் மருமக காலடி எடுத்து வெச்ச நேரம், சம்பந்திக்குப் போன வேலை திரும்பக் கெடச்சுடுச்சு!"

அந்த ஒரு வருஷத்தில் நான் பாடுபட்டு எழுதிய உண்மைகளை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது, என் மனைவி சொன்ன ஒரே ஒரு பொய் மட்டும் மூன்று பேரப்பிள்ளைகளோடு விழுப்புரத்தில் செழிப்பாக இருக்கிறது.