நான்காவது பொத்தான்

குலசேகரத்தை அடுத்த ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த ஆண்டு, என் வகுப்புக்கு ஒரு பெட்டி நிறைய ரிமோட்டுகள் வந்தன. ஆளுக்கொன்று, ஒவ்வொன்றிலும் நான்கு பொத்தான்கள். கேள்வி திரையில் தோன்றும், மாணவிகள் அழுத்துவார்கள், எந்த விடைக்கு எத்தனை பேர் என்பது பட்டைகளாக உயரும். கை தூக்கக் கூசுகிற பிள்ளைகளும் இதன்வழியே பேசுவார்கள் என்று நம்பினேன். “யார் எதை அழுத்தினார்கள் என்று நான்கூடப் பார்க்க மாட்டேன்” என்று வாக்கும் கொடுத்தேன்.

கருவியைப் பழக்குவதற்காக விளையாட்டாக ஒரு கேள்வி வைத்தேன்: பள்ளிக்கு வரும் வழியில் எதற்குப் பயம்? எல்லோருக்கும் வழி ஒன்றுதான், ரப்பர் தோட்டத்தின் ஊடே. நாய், பாம்பு, இடி என மூன்று விடைகள் எளிதில் கிடைத்தன. நான்காவது பொத்தான் வெறுமையாக இருக்க வேண்டாமே என்று ‘ஆள்’ என எழுதினேன்.

நாய்தான் உயர்ந்தது. நான்காவது இடத்தில் மெல்லிய ஒரு பட்டை. ஒரே ஒருத்தி.

“ஏட்டி, ஆளக் கண்டு பயப்படுதது ஆருட்டி?” என்றாள் முன்வரிசையில் இருந்த வாயாடி.

“நம்ம டீச்சரத்தான் சொல்லியிருப்பா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வகுப்பு சிரித்தது. நான் அந்த ஒற்றைப் பட்டையையே பார்த்தேன். தவறி அழுத்தியிருக்கலாம். தவறவில்லை என்றால்?

கணினியில் ஒரு சொடுக்குப் போதும், பெயர் வந்துவிடும். பார்த்தால், இனி எந்தப் பிள்ளையும் அந்தக் கருவியிடம் உண்மை சொல்ல மாட்டாள். பார்க்காவிட்டால், மாலையில் அவள் அதே வழியில் திரும்பியாக வேண்டும். கடைசியில் வேறொரு கேள்வியை எழுதினேன்: ‘இன்று நானும் உங்களோடு நடந்து வரட்டுமா?’

ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்றார்கள்.

மழை மேகத்தில் தோட்டம் முன்னதாகவே இருண்டிருந்தது. “டீச்சருக்கு நாயின்னா பேடியாக்கும்” என்று எனக்குப் பயமென்று கேலி பேசியபடி வந்தார்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையை நெருங்கியபோது, அதுவரை ஓயாமல் பேசிவந்த அந்த வாயாடியின் சத்தம் நின்றது. அவளுடைய குளிர்ந்த விரல்கள் என் கையைப் பற்றின. உள்ளே யாரோ இருமினார்.

“மக்கா, இங்கியா?” என்று மெதுவாகக் கேட்டேன். அவள் பிடி இறுகியது.

நிற்காமல், அவளை எனக்கு மறுபுறமாக மாற்றிக்கொண்டு நடந்தேன். மற்றக் கையால் கைபேசியில் தலைமையாசிரியையை அழைத்தேன். அவர் எடுத்தார். பிள்ளைகள் கேட்காதபடி, “ரப்பர் தோட்டத்துக்கு உடனே வாங்க” என்று மட்டும் சொன்னேன்.