பால்கனியில் ஊற்றிய நாலு வாளித் தண்ணீர்

நான் குடியிருக்கும் வீட்டின் சுவரில் தண்ணீர் வெளியே போக ஓட்டை கிடையாது. புனேக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது, இன்னும் இது எனக்கு உறுத்துகிறது. எங்கள் அம்பாசமுத்திரத்தில் வீட்டைச் சுத்தம் செய்வது என்றால் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, ஈர்க்கு விளக்குமாற்றால் தேய்த்து, மூலை ஓட்டை வழியாக அழுக்கோடு சேர்த்துத் தள்ளிவிடுவது. இங்கே ஈரத்துணியால் தரையைத் துடைப்பதோடு சரி. துடைத்த தரையில் வெறுங்காலோடு நடந்தால் ஏதோ பிசுபிசுவென்று மிச்சம் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். புனேயை ஒட்டிய ஆகுர்டியில் எங்கள் கட்டடத்தில் இருபத்து நாலு வீடுகள். அத்தனை பேரும் அந்தத் தரையில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை.

நாம் பொங்கலுக்கு முன்னால் வீட்டைப் புரட்டிப் போடுகிறோம். இவர்கள் பங்குனி வாக்கில், தங்கள் புத்தாண்டான குடி பாட்வாவுக்கு முன்னால் செய்கிறார்கள். குளிர் போய், வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். மொட்டை மாடி முழுக்க மெத்தையும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையும் கிடக்கும். டப்பாக்களெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். இந்த வருடம் எங்கள் குடியிருப்புச் செயலாளர் ஒரு வாட்ஸப் செய்தியையும் தட்டிவிட்டார். வசந்தத்தில் வீட்டைப் புதுப்பிக்க எளிய வழிகள் என்று, பூப்படம் எல்லாம் போட்டு.

‘எளிய’ என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. வழிகளில் தப்பில்லை. மின்விசிறியின் இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி கீழே கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும், நானும் அப்படித்தான் செய்கிறேன். எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் குழாயில் படிந்த வெள்ளைக் கறை போகும். ஜன்னல் கண்ணாடிக்குப் பழைய செய்தித்தாள் போதும். ரஜாய்களை இரண்டு நாள் வெயில் காட்டி, காய்ந்த வேப்பிலை வைத்து மடித்தால் அடுத்த குளிர் வரைக்கும் பூச்சி அண்டாது. எல்லாம் சரி, ஸ்டூலில் ஏறுவது யார், உறையை உதறுவது யார் என்று மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். எங்கள் கட்டடத்தில் அது சுனிதா. நாலு வீட்டில் வேலை செய்கிறாள், நாலும் இந்தக் கட்டடத்திலேயே. அந்த நாலு வீட்டை வைத்துத்தான் அவளும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

பாட்வாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை சுனிதா வந்தாள். ஒட்டடை அடித்து, விசிறி துடைத்து, தரையும் துடைத்துவிட்டு எதிர்வீட்டு வேலையையும் முடித்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போய்விட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. வருடத்துக்கு ஒரு நாளாவது கழுவிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஹாலில் இருந்ததையெல்லாம் அறைக்குள் தள்ளினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்து, பால்கனிப் பக்கம் தள்ளினேன். பால்கனி மூலையில் மழைத்தண்ணீர் போவதற்கென்று ஒரு சாண் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பழுப்பு நிறத்தில் தண்ணீர் அது வழியாகப் போவதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு திருப்தி.

கீழே முதல் மாடியில் கதம் காகுவின் திறந்த மாடம். அறுபது வயதைத் தாண்டிய அம்மாள், கட்டடத்தில் எல்லோருக்கும் காகு, அதாவது சித்தி. அவர் அன்று காலை குர்டை பிழிந்து காயப்போட்டிருந்தார். கோதுமையை மூன்று நாள் ஊறவைத்து, அரைத்துப் பாலெடுத்து, கிண்டி, அச்சில் பிழிகிற வடகம் அது. புகுந்த வீட்டில் இருக்கும் மகளுக்கு வருடா வருடம் அனுப்புவார். என் வீட்டு அழுக்குத் தண்ணீர் முழுவதும் அதன் மேல் விழுந்தது. நானும் வடகம் காயப்போடும் ஊரிலிருந்து வந்தவள்தான், பங்குனி வெயிலில் கீழே என்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். என் வீட்டு அழுக்கு வெளியே போனால் சரி என்று இருந்துவிட்டேன்.

காகு போட்ட சத்தத்தில் கட்டடமே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் முருகேசன் அப்போதுதான் காய்கறிப் பையோடு படியேறி வந்தார். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், யாரோடும் சண்டை வைத்துக்கொள்ளாத மனிதர் என்று பெயர் வாங்கியவர். செயலாளர் அவரைப் படியிலேயே மறித்து, “உங்கள் வீட்டுத் தண்ணீர்தானே?” என்று கேட்டார். இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பாய் நே கியா ஹோகா” என்றார். வேலைக்காரி செய்திருப்பாள். நான் கதவுக்குப் பின்னால் முழங்கால் வரை நனைந்த சேலையோடு நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சுனிதா போன் செய்தாள். “தாயி, வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்கிறார். இனிமே இந்த சொசைட்டிக்கே வரக்கூடாதாம். நான் என்ன செஞ்சேன்? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க” என்று இந்தியில் கெஞ்சினாள். தாயி என்றால் இவர்கள் மொழியில் அக்கா. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரியாததைக் கேட்டுச் சொல்லப் போகிறவளைப் போல.

“போய் உண்மையைச் சொல்லுங்க” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“ஏட்டி, பேசாம இரு. நாம வெளியூர்க்காரங்க. வாடகை வீட்ல இருக்கோம். இவனுகளோட மல்லுக்கட்ட முடியுமா? நாலு நாள்ல எல்லாம் மறந்துருவானுக. அவளுக்கு வேற வீடா கிடைக்காது?”

“அவ வயித்துல அடிச்சிட்டு என்னத்தங்க பேசுதீங்க?”

“நீதான தண்ணிய ஊத்துன?” என்றார்.

வெளியூர்க்காரங்க. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை காலம்தான் ஒளிந்துகொள்வது? பதினெட்டு வருடமாக இதைச் சொல்லியே என் வீட்டுக்காரர் எல்லாவற்றிலிருந்தும் நழுவுகிறார். படிக்கட்டில் என்னிடம் யாராவது குரலை உயர்த்தியிருக்கிறார்களா? மதராஸி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், அவ்வளவுதான். சுனிதா லாத்தூர் பக்கத்துக்காரி, கிணறு வற்றிப்போய் இங்கே வந்தவள். இது அவள் மாநிலம், அவள் பேசுவது அவர்கள் மொழி. அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கதவை மூடினார்கள். யார் இங்கே வெளியாள்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செயலாளர் மேல், என் வீட்டுக்காரர் மேல், எல்லாவற்றையும்விட என் மேல்.

ஊரில் மட்டும் நாம் ஒழுங்கா என்று கேட்டுக்கொண்டால் அதுவும் இல்லை. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் நடந்த ஒரு வீட்டுச் சுத்தத்தில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கின் மேல்குமிழைக் காணவில்லை. பரண் துடைக்க வந்த பேச்சியம்மாள் மேல் பழியைப் போட்டு, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அது அரிசிப் பானைக்குள் கிடந்தது. “சரி, கிடைச்சாச்சுல்லா” என்றாள் அம்மா. யாரும் பேச்சியம்மாளைத் தேடிப் போகவில்லை. நானும் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பொங்கலை நாங்கள் வழக்கம்போலத்தான் கொண்டாடினோம்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் போய்விட்டன. அந்த முதல் அழைப்புக்குப் பிறகு சுனிதாவின் போனை நான் எடுக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மகள் காவ்யா கல்லூரியிலிருந்து வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு காகுவின் வீட்டுக்கு இறங்கினேன். என் மராட்டி கடை கண்ணிக்குத்தான் உதவும். அவள் இங்கேயே பிறந்தவள், சுத்தமாகப் பேசுவாள். தண்ணீர் ஊற்றியது நான்தான், சுனிதா அப்போது வீட்டிலேயே இல்லை என்று ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன். காகு கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. நீளமாக ஏதோ சொன்னார்.

“அம்மா, அவங்க நம்ப மாட்றாங்க” என்றாள் காவ்யா. “நீ ரொம்ப பாவம் பாக்குறியாம். சுனிதா தாயிக்காக நீ ஜூட், பொய் சொல்றியாம். உங்கள மாதிரி படிச்ச, சுத்தமான லோக் இப்டி பண்ணமாட்டாங்களாம்.”

சுத்தமான ஆட்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. வேலைக்காரி என்றால் ஒரு வார்த்தை போதும். வீட்டுக்காரி நானே செய்தேன் என்று இரண்டு மொழியில் சொன்னாலும் எடுபடாது. “காகுவ மாடத்துல போய் நிக்கச் சொல்லு, மேல பாக்கச் சொல்லு” என்று காவ்யாவிடம் சொல்லிவிட்டு மேலே ஓடினேன். ஹாலில் சோபா, டீப்பாய் எதையும் நகர்த்தவில்லை. வாளியை நிரப்பி அப்படியே தரையில் ஊற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விளக்குமாற்றால் ஓங்கித் தள்ளினேன். டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காலைத் தூக்கிக்கொண்டு, “கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு?” என்று கத்தினார். பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அதே மூலையில் கொட்டிக்கொண்டிருந்தது. காகு இரண்டடி தள்ளி நின்று, என் கையிலிருந்த விளக்குமாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது.

“அப்புறம் ஏன் அன்னைக்கே சொல்லல?” என்று அவர் கேட்டதைக் காவ்யா வந்து சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சுனிதாவை உள்ளே விட்டுவிட்டார்கள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. அறிவிப்புப் பலகையில் என் வீட்டு எண்ணைப் போட்டு, வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்று ஒட்டினார்கள். “நம்ம பேரே நாறிப்போச்சு” என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாதது எனக்கு வசதியாகவே இருந்தது.

பாட்வா அன்று காலை எல்லா ஜன்னலிலும் குடி ஏற்றியிருந்தார்கள். மூங்கில் கழியில் பட்டுத்துணி, வேப்பங்கொத்து, மேலே கவிழ்த்த செம்பு. வாசலில் பேச்சுக்குரல் கேட்டுக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு வேலையை முடித்துவிட்டு சுனிதா வெளியே தரையைத் துடைக்க வந்திருந்தாள். அவளைத் திரும்ப உள்ளே விட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

“சுனிதா, நம்ம வீட்டுக்கு எப்ப வர்ற?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. “திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும்ல, தாயி? நான் எத்தனை தடவை போன் பண்ணேன்” என்றாள். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடை அது. எப்போதும் ஒரே வீச்சில் முழுவதையும் துடைப்பவள், அன்று எதிர்வீட்டுக் கதவிலிருந்து தொடங்கி, படியையும் சேர்த்துத் துடைத்து, நடுவில் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். துணியைப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு மேல் மாடிக்கு ஏறிப் போனாள். அந்தப் பக்கம் ஈரமாகப் பளபளத்தது. என் கதவுக்கு முன்னால் இருந்த பாதி காய்ந்த தரை, தூசியோடு அப்படியே கிடந்தது. எனக்கோ கடைக்குப் போக வேண்டும், படி இருப்பது அந்தப் பக்கம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் துடைத்த தரையில் தடம் விழக் கூடாதே என்று சுவரோரமாக நுனிக்காலில் நடந்தேன்.