நானூற்றுப் பன்னிரண்டு போல்டர்களும் கத்தின அன்ரியும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அப்பா அதற்கும் முதலே. கிளேட்டனில் பல்கலைக்கழகத்துக்குக் கம்பியூட்டர் படிக்கப் போன நாளிலிருந்து, சொந்தக்காரர் யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. கூப்பிடாதவர்கள் வீட்டிலும் போய், “வைஃபை எப்பிடி, நல்லா இழுக்குதோ?” என்று விசாரித்திருக்கிறேன்.

எங்கள் சனம் வந்து குடியேறிய கிரான்பர்னில் கல்யாணம், புது வீட்டில் பால் காய்ச்சுகிற வீடு குடிபூரல் என்று எல்லாவற்றுக்கும் படம் பிடிக்கிற ஒரு அங்கிளிடம் சனிக்கிழமைகளில் வேலைக்குச் சேர்ந்தேன். அவருடைய வீட்டுக் கராஜ்தான் ஸ்டூடியோ. கம்பியூட்டரில் நானூற்றுப் பன்னிரண்டு போல்டர்கள் இருந்தன, விசேஷத்துக்கு ஒன்று. பெயர்களைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ‘ஐயர் லேற்’, ‘ரெண்டு கேக்’, ‘மாப்பிள்ளை வேர்வை’, ‘வடை முடிஞ்சுது’.

“அங்கிள், இது ஆற்ற கலியாணம் எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?”

“வடை முடிஞ்ச கலியாணம் ஒண்டுதான் பிள்ளை.”

இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது என்று விளக்கினேன். ஒவ்வொரு போல்டரிலும் முதல் படம் எடுத்த தேதியைப் பார்த்து, அந்தத் தேதியையே அதற்குப் பெயராக வைக்க வேண்டும். கையால் செய்தால் இரண்டு நாள் போகும். கம்பியூட்டருக்கு நான் எழுதும் பத்து வரி ஸ்கிரிப்ட் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

“படங்களைக் கொப்பி ஒண்டு எடுத்து வைக்கத் தேவையில்லையோ?”

“பேர்தானே அங்கிள் மாறுது.”

அன்று பதினொரு மணிக்கு ஒரு அன்ரி வருவதாக இருந்தது. அவருடைய வீடு குடிபூரல் அல்பம் ஏழு மாதமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கும் படம் காட்டாவிட்டால் ஊர் வாட்ஸ்அப் குழு முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று அவர் எச்சரித்திருந்தார். இங்கே அந்தக் குழுவில் பெயர் கெட்டால் அங்கிள் கமராவை விற்றுவிட வேண்டியதுதான். அவர் தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போன நேரத்தில் நான் ஸ்கிரிப்டை ஓட விட்டேன்.

முடிந்தது. எவ்வளவு அழகு! வரிசையாகத் தேதிகள். கீழே எண்ணிக்கையைப் பார்த்தேன். இருநூற்று எழுபது.

மற்ற நூற்று நாற்பத்திரண்டு குடும்பங்களின் நல்ல நாட்கள் எங்கே போயின? குப்பைத் தொட்டியைத் திறந்தேன், காலி. திரும்ப எண்ணினேன். அதற்குள் வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அன்ரி கதிரையில் உட்கார்ந்தார். அங்கிள் சுவரில் தொங்கிய பலசரக்குக் கடைக் கலண்டரில் குடிபூரல் நாளைப் பார்த்துச் சொன்னார். நான் அந்தத் தேதியைத் திறந்தேன். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக ஒருவர் சிரித்தார்.

“இது ஆற்ற மாப்பிள்ளை?” என்றார் அன்ரி. “நாங்கள் பால் காய்ச்சினதெல்லோ!”

அங்கிள் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் சனம் எல்லாம் ஒரே நல்ல நாளில்தான் எல்லாம் செய்யும். காலையில் வீடு குடிபூரல், பத்து மணிக்குத் தாலி கட்டு. ஒரே நாளில் காருக்குள் சீலை மாற்றி இரண்டு மண்டபத்தில் சாப்பிட்டவள் நான். அதை ஸ்கிரிப்டுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கீழே இறக்கிக்கொண்டே போனேன். தாலி, அறுகரிசி தூவி வாழ்த்து, சாப்பாடு, எல்லாப் படங்களுக்கும் கடைசியில் சின்னதாக ஒரு போல்டர். தேதி ஏற்கனவே இருந்தால், இரண்டாவது விசேஷத்தை அதற்குள்ளேயே தூக்கிப் போட்டிருக்கிறது என் ஸ்கிரிப்ட். பழைய பெயரோடு, பத்திரமாக. ஒன்றும் தொலையவில்லை! சந்தோஷத்தில் அந்தப் பெயரை உரக்க வாசித்துவிட்டேன்.

“கத்தின அன்ரி.”

திறந்தேன். புது வீட்டு ஹோல், ஓமப் புகை, கூரையிலே ஸ்மோக் அலாம். அதற்குக் கீழே விரலை நீட்டிக் கத்திக்கொண்டு, சாட்சாத் எங்கள் அன்ரி.

அன்ரி திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“ஆர் இந்தப் பேர் வைச்சது?”

அங்கிள் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார். “இப்ப எல்லாத்துக்கும் ஸ்கிரிப்ட்தான் பேர் வைக்குது. இவதான் எழுதினவ. பெரிய படிப்பு.”

அன்ரி என் பக்கம் திரும்பினார். “இதைத்தானோ பிள்ளை உங்களுக்கு அங்க படிப்பிக்கினம்?”

என் வாழ்க்கையில் இவ்வளவு கசப்பாக எதையும் விழுங்கியதில்லை. “ஓம் அன்ரி. ஸ்கிரிப்டிலதான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

பொய்யென்றும் சொல்ல முடியாது.

அன்ரி மறுபடி திரையைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டப் பார்த்தார். “இதில சீலை நல்லா எடுப்பா இருக்கு. இதையும் அல்பத்தில போடுங்கோ.”

நாற்பது படம் தெரிவு செய்து, திருப்தியாகத்தான் போனார். கார் தெருவைத் தாண்டியதும் அங்கிளிடம் உண்மையைச் சொன்னேன். இதே மாதிரி இன்னும் நூற்று நாற்பத்தொன்று உள்ளே இருக்கின்றன என்று.

“பழைய பேரோடயோ?”

“ஓம்.”

அங்கிள் எழுந்து போய்க் கராஜ் கதவை இழுத்துச் சாத்தினார். “ஸ்கிரிப்டை விடு. ஒவ்வொண்டா வெளியில எடுத்துக் கையால மாத்து. அடுத்த ஆள் மூண்டு மணிக்கு வருது.”

“அவையின்ரை போல்டர் என்ன பேரில இருக்கு, அங்கிள்?”

அவர் சொன்னார். அதைத்தான் முதலில் மாற்றினேன்.