நான் முடிக்க விடாத பேச்சு

செய்தி வந்தபோது நான் துறைமுக வாயிலில், கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பக்கத்தில் நின்று, ஞானதுரை அண்ணாச்சியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் போனில் அழைத்தாள். "அப்பா, லாரி வராத பக்கமா நில்லுங்க. மாமா தவறிட்டாவ." எந்த மாமா என்று இரண்டு முறை கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

நம் சனிக்கிழமை மன்றத்து நண்பர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஆபீஸில் முப்பது வருடம் டைப்ரைட்டரில் கடிதம் தட்டியவர். ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் குமாஸ்தாக்களை டீக்கடை மாடியில் கூட்டி, ஆங்கிலத்தைப் பற்றித் தமிழிலேயே வாரம் ஒரு பட்டிமன்றம் நடத்தியவர். நான் பிளஸ் டூ. அதுவும் இரண்டாம் தடவையில். மகள் தன் ஆபீஸுடன் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் நான் அவசரமாகத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அதனால்தான் மன்றத்தில் சேர்ந்தேன்.

அவர் வைத்த விதி ஒன்று உண்டு. ஜெயித்தவன் அடுத்த சனிக்கிழமை, தோற்றவனின் கட்சியைப் பேச வேண்டும். தோற்றவன் தன் கட்சியிலேயே நிற்கலாம்; எதிர்த்துப் பேச வேறொருவர் எழுந்துகொள்வார். "இது என்ன அநியாயம் அண்ணாச்சி?" என்று முதல் நாளே கேட்டேன்.

"எதிராளி சுமையையும் ஒரு வாரம் தூக்கிப் பாருலே. தோள் வலிச்சாத்தான் அவன் என்ன சொல்லுதான்னு தெரியும்" என்றார்.

கடைசித் தலைப்பு உங்களுக்கு நினைவிருக்கும்: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை வினைச்சொல்லாக்கலாமா? ஆக்கலாம் என்று நான். கூடாது என்று அவர். நான் எழுந்து, "நமக்குப் 'பண்ணு' இருக்கு. போன் பண்ணு, மெயில் பண்ணுன்னு எதையும் சமாளிச்சிருவோம். இங்கிலீஷ்காரனுக்குப் பண்ணு கிடையாது, பாவம். பெயர்ச்சொல்லே எறங்கி வேலை பாக்கட்டுமே!" என்றேன். மாடி அதிர்ந்தது.

அவர் மெதுவாக எழுந்தார். முன்பு ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் கை கண்டெய்னர் கதவில் நசுங்கியதாம். இவர் கம்பெனிக்குக் கடிதம் போட்டாராம். "பதில் வந்துச்சு. விஷயத்தை 'ஆக்‌ஷன்' பண்ணியாச்சுன்னு அந்த ஒத்தச் சொல்ல வினையாக்கி எழுதியிருந்தான். என்ன செஞ்சாம்லே? கட்டுப் போட்டானா? கூட்டிட்டுப் போனானா? அன்னைக்கு நான்..."

அங்கே நான் குறுக்கே பாய்ந்தேன். "அண்ணாச்சி, 'ஷிப்'னா கப்பல். அந்தப் பெயர்ச்சொல்லையே சரக்கு அனுப்புததுன்னு வினையாக்கித்தான் நீங்களும் நானும் கஞ்சி குடிக்கோம்!"

கைதட்டல். அவர் சிரிக்க முயன்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். டீ குடிக்காமல் படி இறங்கினார். நான் இரண்டு டீயையும் குடித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

ஜெயித்தது நான் என்பதால், விதிப்படி அடுத்த வாரம் அவர் கட்சி என்னுடையது. அந்தப் பேச்சின் மீதி எனக்குத் தேவைப்பட்டது. மன்னிப்பும் தேவைப்பட்டது. மூன்று நாள் போன் செய்தேன். எடுக்கவில்லை. நேரில் போயிருக்கலாம். பத்து நிமிஷ சைக்கிள் தூரம். கோபம் தணியட்டும் என்று இருந்தேன். அவர் போனை எடுக்காதது கோபத்தாலா, அவரைக் கொண்டுபோன நெஞ்சுவலியாலா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அவர் மனைவியிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, கோபம்தான் என்று அந்த அம்மா சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

அடக்கத்தன்று கல்லறை வாசலில் ஒருவர் தனியாக நின்றார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. தருவைகுளத்துக்காரர், பெயர் அந்தோணி. அருகில் போய், "அன்னைக்கு அண்ணாச்சி என்ன செஞ்சாவ?" என்று கேட்டேன்.

"ஆட்டோவக் கூப்பிட்டாவ. என் கையத் துணியில சுத்தி மடியில வச்சிக்கிட்டாவ. பதினோரு நாள் ஆசுபத்திரிக்கு வந்து சோறு ஊட்டுனாவ. ஒங்ககிட்டச் சொல்லலியா?"

"சொல்ல வந்தாவ" என்றேன். சொந்தக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, மூன்று விரலால் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நாளை சனிக்கிழமை. அவர் நாற்காலி காலியாக இருக்கும். எதிரே நின்று, கூடாது என்று நான் பேசியாக வேண்டும். ஆங்கிலம் வராது, அழுகை வரும். கூப்பிட்டார், சுற்றினார், ஊட்டினார் என்று மூன்று வினைச்சொல்லை மட்டும் மகளிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன். யாராவது குறுக்கே பேசினால் பேசட்டும். எனக்கு அது வேண்டியதுதான்.

அவருடைய கண்ணாடியையோ பேனாவையோ நான் கேட்கவில்லை. அவர் கட்சியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஜெயித்தால் விதிப்படி மாற வேண்டியிருக்கும். அதனால் நண்பர்களே, என்னை ஜெயிக்க விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் தோற்க எனக்குத் தெரியும். என் மார்க் ஷீட்டே சாட்சி.