மாதாவுக்கு மீசை முளைத்த வருடம்

உப்புவெளிக்கு வடக்கே எங்கள் கரையில் தவக்காலம் பிறப்பதை அறிய யாரும் நாட்காட்டி பார்ப்பதில்லை. மாமா மீசையை வழித்துக்கொண்டு கடைக்கு வந்தால் மறுநாள் விபூதிப் புதன். கோயில் வளவில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில் அவர்தான் வருடாவருடம் மாதா.

வலை இழுத்து உரமேறிய தோளில் நீலச் சேலையைப் போட்டுக்கொண்டு, மகனை மடியில் கிடத்தி மாமா அழும்போது முன்வரிசைப் பொடியன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதாவின் மருமகள் என்று வகுப்பில் நான் காட்டிய எடுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடம் பிரதேச செயலகத்துக்குப் புதிதாக ஒரு கலாசார உத்தியோகத்தர் வந்திருந்தார். குறிஞ்சாக்கேணிப் பெண்; முக்காட்டைச் சரிசெய்தபடி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கிராமத்து நாடகங்களுக்கு விளக்கும் ஒலிபெருக்கியும் தரலாம், நன்றாக அமைந்தால் திருகோணமலை நகரத்து விழாவிலும் மேடையேற்றலாம் என்றார். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். பிறகு, பெண்கள் ஒருவரும் நடிப்பதில்லையா என்று மெல்லக் கேட்டார். நாடகம் பழக்கும் அண்ணாவியார் என் அப்பாதான். இங்கே அப்படி வழக்கமில்லை என்றார் அவர். மற்ற ஆண்கள் சிரித்தார்கள்.

அன்று பின்னேரம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் தங்கை அவர். மாமா வீட்டில் பாடிப் பழகும்போது, குசினிக்குள் சமைத்தபடியே மறந்த அடியை எடுத்துக்கொடுப்பவரும் அவர்தான்.

"அண்ணை, இந்தமுறை மாதாவா நான் நிக்கட்டே?"

ஊர் கதைக்கும், ஆட்கள் நடிக்க வராமல் விட்டுவிடுவார்கள் என்று அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார். மாமியின் முகம் செத்துப்போயிற்று. வாசலில் மாமா நின்றிருந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மாமியின் பின்னால் போனார்.

விபூதிப் புதனன்று மாமா மீசையோடு ஒத்திகைக்கு வந்தார். மறந்துவிட்டார் என்று அப்பா நினைத்தார். அடுத்த கிழமையும் மீசை இருந்தது, முன்னைவிட அடர்த்தியாக. பிளேட் பட்டால் முகம் எரிகிறது, இனி வழிக்க ஏலாது என்று சொல்லிவிட்டார். யூதாசு வந்து கெஞ்சினார். பிலாத்து ஒருபடி மேலே போய்ச் சவரக்கத்தியோடு வந்தார். மாமா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் முன்னால் போய் நின்று, மாதாவுக்கு மீசை இருக்குமா என்று கேட்டேன்.

"அதுதானே பிள்ளை," என்றார் மாமா. "இருக்காதுதானே."

பிழையை ஒப்புக்கொண்டும் வழிக்காத இந்த மனிதரை என்ன செய்வது? அந்த மீசை தானாக உதிர்ந்து விழவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபம் செய்தேன்.

அப்பா வேறு ஆட்களைப் பிடித்துப் பார்த்தார். குரல் இருந்தவனுக்குப் பாட்டு மனதில் நிற்கவில்லை. பாட்டு நின்றவனுக்குக் குரல் தகரத்தில் ஆணி கீறியதுபோல இருந்தது. நாடகம் நின்றுபோகும் என்ற கதை ஊரில் கிளம்பிவிட்டது. கடைசியில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாமியின் குசினி வாசலில் போய் நின்றார். வேறு ஆளில்லை, இந்த ஒருமுறை மட்டும் வா என்றார்.

மாமி அடுப்பிலிருந்து கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"ஆளில்லாத குறைக்கு நான் வரமாட்டன் அண்ணை. மாதாவா நிக்கச் சொன்னால் வாறன்."

அப்பா இறக்கி வைத்த கறிச்சட்டியைப் பார்த்தார். பிறகு, "சரி, மாதாவா வா," என்றார்.

நாடகத்தன்று கோயில் வளவு நிறைந்து மதிலிலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். மாமி மகனை மடியில் வாங்கிப் பாடத் தொடங்கினார். முன்வரிசையில் ஒரு பொடியன்கூடச் சிரிக்கவில்லை. தாளம் போடவேண்டிய அப்பா அதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உத்தியோகத்தர் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஆனாலும் மாமாவைத்தான் திரும்பிப் பார்த்தேன். கண்ணீர் வழிந்து மீசையெல்லாம் ஈரம். பாவம், தன் இடம் போய்விட்டதே என்று அழுகிறார் என்று நினைத்து, நான் கொறித்துக்கொண்டிருந்த கச்சான் கடலைச் சரையை அவர் கையில் வைத்தேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

நகரத்து விழாவிலும் மாமிதான் மாதாவாக நின்றார்.

அடுத்த விபூதிப் புதன் ஒத்திகைக்கு, வெரோணிக்காவாக நடிப்பவர் புது மீசையோடு வந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மகள். மதலேன் மரியாளும் மீசையோடு வந்தார். கூடவே அவர் மனைவி. எருசலேம் பெண்களில் பாதிப்பேருக்கு மேலுதட்டில் கறுப்புத் தட்டியிருந்தது. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர் ஆண்களுக்குக் காய்ச்சல் மாதிரி ஏதோ வருத்தம் தொற்றிவிட்டது, மாமாதான் அதைப் பரப்பியவர் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.