பூ வைத்துக்கொண்டு பார்த்த வாசனைச் சோதனை

1. கடையிலிருந்து போன்

"ஒரு மணி நேரம்கூட வாசனை நிக்கலீங்க. பத்து நாள்ல சரி பண்ணுங்க, இல்லன்னா மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

சிதம்பரம் மேல வீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் அம்மா இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கடலூரில் ஒன்பது பெண்கள் வேலை பார்த்த சின்ன யூனிட் எங்களுடையது. பெண்களுக்கான மல்லிகை ரோல்-ஆன்தான் முதல் சரக்கு, அந்தக் கடைதான் முதல் ஆர்டர். அது திரும்பி வந்தால் யூனிட்டை மூட வேண்டியதுதான். சோதனைக்குப் பொறுப்பு நான்.

லேபிளில் 'விலங்குகள் மேல் சோதிக்காதது' என்று போட்டிருந்தோம். உண்மைதான், எலியும் முயலும் நாங்களே. காலை ஒன்பதுக்கு மணிக்கட்டில் உருட்டிக்கொண்டு, மணிக்கொரு தரம் முகர்ந்து பார்த்து ஷீட்டில் எழுத வேண்டும். எட்டுப் பேர் 'மாலை ஐந்து வரை மணம் உண்டு' என்று எழுதினோம். ஸ்டெல்லா மட்டும் 'பத்து மணிக்கே போய்விட்டது' என்று எழுதினாள். ஜலதோஷ மூக்கு என்று நினைத்து அவள் ஷீட்டைப் பேனாவால் அடித்தேன். அது போதாதென்று அவளைப் பேக்கிங்குக்கும் மாற்றினேன்.

2. மேல வீதியில்

மறுநாள் காலை ரோல்-ஆனைப் பூசிக்கொண்டே பஸ் ஏறினேன். கடையில் போய்க் கையை நீட்டினேன். "நீங்களே மோந்து பாருங்க."

கடைக்காரம்மா முகர்ந்துவிட்டுச் சிரித்தார். "உங்க தலையில இருக்கிற மல்லிதாங்க மணக்குது. அத எடுத்துட்டுப் பாருங்க."

அன்று வெள்ளிக்கிழமை. வைத்த பூவை நடுப்பகலில் எடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் எடுத்துக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, தெருவுக்கு வந்து முகர்ந்தேன். மணிக்கட்டில் பிசுக்கு இருந்தது, மணம் இல்லை.

கடையில் எங்கள் ரோல்-ஆனைப் பூசிப் பார்த்த காலேஜ் பெண்ணும் வெளியே வந்தாள். "எனக்கும் இப்படித்தான், ஒண்ணும் வர்ல ஆன்ட்டி." அவள் தலையில் பூ இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டுப் பேரும் தலை நிறைய மல்லியை வைத்துக்கொண்டு மல்லிகை வாசனையைச் சோதித்திருக்கிறோம். ஸ்டெல்லா போகும் சபையில் பூ வைக்கும் வழக்கம் இல்லை.

3. பேக்கிங்கில்

ஊர் திரும்பியதும் நேராக அவளிடம் போனேன். பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதும்மா. அன்னிக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எழுதித்தானே குடுத்தேன்க்கா. பூ வைக்கிறவங்க இத எதுக்கு வாங்கப்போறாங்க? வைக்காதவங்கதான் வாங்குவாங்க."

வெட்கமாக இருந்தது. திரும்பச் சோதனைக்கு வரச் சொன்னேன்.

"வரேன். ஆனா நான் எழுதுறத அடிக்கக் கூடாது."

வெட்டிவேர் எண்ணெய் சேர்த்தால் பூ மணம் நிற்கும் என்றார் ஓனர் மேடம். நாலு தரம் அளவு மாற்றினோம். எட்டாம் நாள் ஸ்டெல்லா 'நான்கு மணி வரை' என்று எழுதினாள். சரக்கை மாற்றிக் கொடுத்தோம், ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

இப்போதெல்லாம் சோதனை நாளில் எல்லார் பூவும் எவர்சில்வர் டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும். ஐந்து மணி அடித்ததும் அடித்துப் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வோம்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். ஒன்றுபோல் இருக்கும் எட்டு ஷீட்டை ஃபைலில் போடுங்கள். மாறி வந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, எழுதியவளிடம் போய் உட்காருங்கள். பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.